பதினொன்றில் ஒன்று

நோய்க்கூறியல் அறிக்கை என்பது ஒரு மருத்துவர் இன்னொரு மருத்துவருக்கு எழுதும் கடிதம். நோயாளி அதைச் சுமந்து செல்லும் தபால்காரர். மலேசியாவில் இது அப்படியே நடக்கிற விஷயம். புற்றுநோய் நிபுணரும் கதிர்வீச்சுக் கருவியும் எல்லா அரசு மருத்துவமனைகளிலும் இருப்பதில்லை. ஓர் ஊரில் அறுவை சிகிச்சை, இன்னோர் ஊரில் கீமோ என்று அலைகிறவர்களின் கையில் ஒரு பழுப்பு உறை இருக்கும். உள்ளே பரிந்துரைக் கடிதம், அதன் பின்னால் ஸ்டேப்ளர் அடித்த இரண்டு பக்க ஆங்கில அறிக்கை. ஒட்டாத உறை. திறந்து பார்க்காமல் யாரால் இருக்க முடியும்?

நான் மருத்துவர் இல்லை. பெர்லிஸில் பொறியியல் படித்துவிட்டு, பாயான் லெப்பாஸில் ஒரு சிப் தொழிற்சாலையில் வேலை செய்கிறேன். கெட்டுப்போய்த் திரும்பி வரும் சிப்புகள் ஏன் கெட்டன என்று கண்டுபிடிப்பது என் பிரிவின் வேலை. சிப்பைப் பிசினில் பதித்து, குறுக்காக வெட்டி, மெருகேற்றி, நுண்ணோக்கியின் கீழ் வைத்துப் பார்ப்போம். பிறகு அறிக்கை எழுதுவோம். "அசாதாரணம் எதுவும் காணப்படவில்லை" என்று நான் எழுதினால், அதை வாசிக்கும் பொறியியலாளருக்கு அதன் எல்லை தெரியும்: நான் பார்த்த இடத்தில், பார்த்த உருப்பெருக்கத்தில் காணவில்லை, அவ்வளவுதான். வெளியாள் வாசித்தால் 'சிப் நன்றாக இருக்கிறது' என்று நினைத்துக்கொள்வார்.

இரண்டு வருடத்துக்கு முன் சுங்கைப்பட்டாணியிலிருந்து அண்ணன் வாட்சப்பில் இரண்டு படங்களை அனுப்பினார். பெரியம்மாவின் அறுவை சிகிச்சை முடிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. படத்துக்குக் கீழே ஒரே வரி: "மூணாவது ஸ்டேஜாம். அம்மாகிட்ட சொல்லாத."

அறிக்கையில் எங்கும் ஸ்டேஜ் 3 என்று இல்லை. 'கிரேடு 3' என்று இருந்தது. அண்ணன் ஆங்கிலம் தெரியாதவர் அல்ல. கடிதம் எழுதுவார், வங்கியில் சண்டை போடுவார். ஆனால் இந்த இரண்டு பக்கமும் அவர் அறிந்த ஆங்கிலத்தில் எழுதப்படவில்லை. தெரிந்த சொல் ஒவ்வொன்றும் அதில் வேறு வேலை பார்க்கிறது.

உதாரணத்துக்கு முதல் வரி. 'இன்வேசிவ் கார்சினோமா, நோ ஸ்பெஷல் டைப்.' இரண்டாம் பாதியைப் பிடித்துக்கொண்டு அண்ணி கொஞ்சம் ஆறுதல் அடைந்திருந்தார். "விசேஷமா ஒண்ணும் இல்லன்னுதானே போட்டிருக்கு?" மார்பகப் புற்றில் தனிப் பெயர் பெற்ற சில வகைகள் உண்டு. அவற்றில் எதிலும் சேராதவற்றைத்தான் அப்படி எழுதுகிறார்கள். மிகப் பெரும்பாலான மார்பகப் புற்றுகள் அந்தப் பெயரில்தான் வருகின்றன.

அதற்குக் கீழே, 'தோல்: அன்ரிமார்க்கபிள்.' தோலைப் பற்றி ஏன் சொல்ல மறுக்கிறார்கள் என்று அண்ணனுக்குச் சந்தேகம். அந்தச் சொல் அறிக்கையில் வரும் நல்ல சொற்களில் ஒன்று. பார்த்தோம், குறிப்பிடும்படி ஒன்றுமில்லை என்று பொருள்.

அடுத்து, 'நிணநீர்க் கணுக்கள்: 1/11.' பெரியம்மா அதை நவம்பர் முதல் தேதி என்று வாசித்து, சமையலறை நாட்காட்டியில் வட்டம் போட்டு வைத்திருந்தார். அன்றைக்கு ஆஸ்பத்திரிக்குப் போகவேண்டும் என்று.

அந்த வார இறுதியில் நான் வீட்டுக்குப் போனேன். அண்ணன் வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "கேன்சர்ங்கிற வார்த்தையே எடுக்காத பிள்ள. கட்டின்னு மட்டும் சொல்லு." உள்ளே பெரியம்மா காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தார். தலை நிமிராமலே சொன்னார்: "எடுத்தது என் மார்ப. எனக்குத் தெரியாதா?"

அவருக்கு எல்லாம் தெரிந்திருந்தது, தவறான எண் உட்பட. மூன்று என்பது அவர் காதில் விழுந்திருந்தது. அதன்மேல் ஒரு முடிவும் எடுத்திருந்தார். கீமோவுக்குப் போவதில்லை. "மூணுன்னா முடிஞ்சுச்சு. நாலுதான கடைசி? இருக்கிற கொஞ்ச நாள்ல எதுக்கு முடி கொட்டி, வாந்தி எடுத்து, உங்களையெல்லாம் பினாங்குக்கும் இங்கயும் அலைய விட்டுக்கிட்டு?"

அறிக்கையை அவர் முன்னால் விரித்து வைத்துத்தான் ஆகவேண்டும் என்று அப்போதுதான் முடிவு செய்தேன். ஒருவர் சிகிச்சை வேண்டாம் என்று சொல்லலாம். அது அவர் உரிமை. ஆனால் கிரேடுக்கும் ஸ்டேஜுக்கும் நடந்த குழப்பத்தின்மேல் அந்த முடிவு நிற்கக்கூடாது.

ஆங்கிலச் சொல்லுக்குப் பதில் தமிழ்ச் சொல் போட்டால் வேலை முடிந்துவிடும் என்று தோன்றும். 'லிம்ப் நோட்' என்றால் நிணநீர்க்கணு. எழுத்தில் சரிதான். பெரியம்மாவிடம் சொன்னபோது, அது என்ன சாமான் என்பதுபோல் பார்த்தார். "கால்ல அடிபட்டா தொடை இடுக்குல நெறி கட்டும்ல பெரியம்மா, அது மாதிரி அக்குள்லயும் இருக்கு" என்றதும் முகம் மாறியது. "நெறியா! அதச் சொல்லு." அதற்குப் பிறகு 1/11 எளிதாக இருந்தது. அக்குளிலிருந்து பதினொரு நெறியை எடுத்துப் பார்த்திருக்கிறார்கள். ஒன்றில் புற்று செல் இருக்கிறது. பத்தில் இல்லை. நாட்காட்டி வட்டத்தை அவரே அடித்துவிட்டார்.

'இன்வேசிவ்' என்ற சொல்லுக்கு நான் தயாரித்து வைத்திருந்த விளக்கம் சரியாக வரவில்லை. மார்பில் பால்குழாய்கள் இருக்கின்றன. புற்று பெரும்பாலும் அந்தக் குழாய்களின் உட்பக்கச் செல்களில்தான் தொடங்குகிறது. குழாயைச் சுற்றி மிக மெல்லிய ஒரு படலம் வேலி போல இருக்கும். வேலிக்குள்ளேயே இருக்கும்வரை அதை 'இன் சிட்டு' என்கிறார்கள், இருந்த இடத்திலேயே இருப்பது. வேலியைத் தாண்டிவிட்டால் 'இன்வேசிவ்.' நான் படம் வரைந்து திணறிக்கொண்டிருந்தபோது பெரியம்மா குறுக்கிட்டார். இருபத்தெட்டு வருடம் ரப்பர் மரம் வெட்டியவர் அவர்.

"பட்டையில பாலு ஓடும். உளி பட்டையோட நிக்கணும். கொஞ்சம் அழுத்திட்டா மரத்துல காயம் பட்டுரும். காயம் பட்ட மரம் அப்புறம் முண்டு முண்டா வரும், வெட்ட முடியாது. கங்காணி ஏசுவாரு. அந்த மாதிரியா? பட்டையத் தாண்டிருச்சா?"

"ஆமா பெரியம்மா. தாண்டிருச்சு."

"சரி. அடுத்தது சொல்லு."

கிரேடுக்கு வந்தோம். நோய்க்கூறியல் மருத்துவர் செய்வது என் வேலையிலிருந்து அதிக தூரம் இல்லை. எடுத்த சதையை ஃபார்மலினில் ஊறவைத்து, மெழுகில் பதித்து, ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் அதில் நாலு பங்கு அளவுக்கு மெல்லிசாகச் சீவுகிறார்கள். சாயம் ஏற்றுகிறார்கள். செல்லின் கரு நீலமாகும், மற்றவை இளஞ்சிவப்பாகும். அந்த நீலச் சாயம் முதலில் ஒரு மரத்தின் கட்டையிலிருந்துதான் எடுக்கப்பட்டது. பிறகு மார்பகப் புற்றில் மூன்று விஷயங்களுக்கு மதிப்பெண் போடுகிறார்கள். செல்கள் இன்னும் குழாய் வடிவத்தைக் கட்டுகின்றனவா, கருக்கள் எவ்வளவு கோணலாக இருக்கின்றன, எத்தனை செல்கள் பிளந்து பெருகிக்கொண்டிருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 3. கூட்டினால் 5 வரை கிரேடு 1, 6 அல்லது 7 வந்தால் கிரேடு 2, 8 அல்லது 9 என்றால் கிரேடு 3.

ஸ்டேஜ் வேறு கணக்கு. கட்டியின் அளவு, நெறிகளின் எண்ணிக்கை, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்பதை வைத்து வருவது. பெரியம்மாவுக்கு 2.4 சென்டிமீட்டர், ஒரு நெறி. ஸ்கேனில் வேறு எங்கும் இல்லை. ஸ்டேஜ் பட்டியலில் அது இரண்டாம் கட்டத்தில்தான் வருகிறது.

"கிரேடுன்னா அதோட குணம். ஸ்டேஜுன்னா அது போன தூரம்" என்றேன்.

"குணம் மோசம். ஆனா ரொம்ப தூரம் போகல."

"ஆமா."

"இத ஏன் யாரும் இப்படிச் சொல்லல?"

இந்தக் கேள்விக்கு யாரையும் குற்றம் சொல்லி நான் பதில் சொல்லவில்லை. அந்த இளம் மருத்துவர் மலாயில் சொல்லியிருக்கிறார். 'கிரெட் தீகா' என்றிருக்கிறார். 'தாஹாப்' என்றும் சொல்லியிருக்கலாம். பெரியம்மாவின் மலாய் பாசார் மலாய். மீன் வாங்கவும் பேரம் பேசவும் போதும். அறைக்கு வெளியே அறுபது பேர் எண் சீட்டோடு உட்கார்ந்திருந்தார்கள். ஆங்கிலத்தில் எழுதி, மலாயில் சொல்லி, தமிழில் கேட்டுக்கொண்ட ஒரு செய்தியில் ஓர் எண் மட்டும் தப்பி வந்து சேர்ந்திருக்கிறது.

எண்களுக்கு இந்தக் குணம் உண்டு. எந்த மொழியிலும் புரிவதுபோல் இருக்கும். பக்கத்து வீட்டுத் தாத்தாவுக்குப் புரோஸ்டேட்டில் 'கிளீசன் 6' என்று வந்தபோது, பத்துக்கு ஆறு, பாதிக்கு மேல் போய்விட்டது என்று அவர் குடும்பம் கலங்கியது. 1960களில் டொனால்ட் கிளீசன் என்ற மருத்துவர் வகுத்த முறை அது. இரண்டு எண்களைக் கூட்டிச் சொல்வார்கள். இன்றைய வழக்கத்தில், ஊசி வழியே எடுத்த திசுவில் புற்று இருந்தால் கணக்கு ஆறிலிருந்துதான் தொடங்குகிறது. அதாவது ஆறுதான் கடைசிப் படி, மிகச் சாதுவானது. இந்தக் குழப்பம் உலகம் முழுக்க இருந்ததால்தான் 2014இல் நிபுணர்கள் கூடி, ஒன்று முதல் ஐந்து வரை புதிய தொகுப்பு எண்ணைக் கொண்டுவந்தார்கள். கிளீசன் 6 அதில் 1. தாத்தாவின் அறிக்கையில் இரண்டும் இருந்தன. யாரும் இரண்டாவதைப் பார்க்கவில்லை.

பெயரையே மாற்றிய கதையும் உண்டு. தைராய்டில் ஒரு வகைக் கட்டி. உறைக்குள் அடங்கி, வெளியே ஊடுருவாமல் இருப்பது. கார்சினோமா என்ற சொல் அதன் பெயரில் இருந்ததால், பலருக்கு முழுத் தைராய்டையும் எடுத்து, கதிரியக்க அயோடினும் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். பல நாட்டு நோய்க்கூறியல் மருத்துவர்கள் சேர்ந்து பழைய நோயாளிகளின் கண்ணாடித் துண்டுகளைத் திரும்பப் பார்த்து, அவர்களுக்குப் பல ஆண்டுகள் கழித்தும் நோய் திரும்பவில்லை என்று கண்டார்கள். 2016இல் அந்தக் கட்டியின் பெயரிலிருந்து கார்சினோமாவை எடுத்துவிட்டார்கள். கட்டி அதே கட்டிதான். சொல் போனதால் சிகிச்சை குறைந்தது. சொல்லை வைத்து மருத்துவர்களே கூடுதலாகப் பயப்பட முடியும் என்றால், என் அண்ணன் பயந்ததில் ஆச்சரியம் இல்லை.

பெரியம்மாவுக்கு வேறொரு சொல்லில்தான் வலி இருந்தது. அவர் வேலை செய்த தோட்டத்தில் வேப்பமரத்தடியில் ஒரு பெரிய கறையான் புற்று இருந்தது. மஞ்சள் பூசி, சேலை சுற்றி, அம்மனாக வைத்திருந்தார்கள். தோட்டம் துண்டாடப்பட்டு எல்லோரும் தாமான் வீடுகளுக்கு வந்தபிறகும் ஆடி மாதம் போய்ப் பால் ஊற்றிவிட்டு வருவார். "புத்துக்குப் பால் ஊத்துனவளுக்கே புத்தா பிள்ள?" என்று கேட்டார். கிரேக்கர்கள் நண்டைப் பார்த்து வைத்த பெயர்தான் கேன்சர் என்று என்னால் சொல்லியிருக்க முடியும். சொல்லவில்லை. அவர் கேட்டது சொல்லாராய்ச்சி இல்லை. கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தோம். அன்றிலிருந்து நாங்கள் இருவரும் பேசும்போது அதைக் கேன்சர் என்றே சொல்கிறோம். அந்த அந்நியச் சொல்லில் அம்மன் இல்லை. அவருக்கு அது சௌகரியமாக இருக்கிறது.

அறிக்கையில் எடையும் இருந்தது. எடுத்த மார்பு 610 கிராம். "எடையெல்லாமா போட்டிருக்காங்க?" என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்த கத்தரிக்காயைப் பார்த்துவிட்டு, "அவ்வளவுதானா" என்றார். அதற்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

அன்று இரவு நான் ஒரு தாளில் ஐந்து கேள்விகளை எழுதினேன். வேலியைத் தாண்டியதா? குணம் என்ன? எவ்வளவு தூரம் போயிருக்கிறது? வெட்டிய ஓரம் சுத்தமா? எந்த மருந்துக்குக் கேட்கும்? அறிக்கையின் எல்லாச் சொற்களும் இந்த ஐந்தில் ஏதோ ஒன்றுக்குப் பதில். ஒவ்வொரு கேள்விக்கும் கீழே அறிக்கையில் இருக்கும் சொல்லைத் தமிழ் எழுத்தில் எழுதி, பக்கத்தில் மருத்துவரிடம் கேட்கவேண்டியதை மலாயிலும் தமிழிலும் எழுதினேன். நான் வைத்துக்கொண்ட கட்டுப்பாடு ஒன்றுதான். ஒரு சொல் எந்தக் கேள்விக்குப் பதில் என்பதுவரை நான் சொல்லலாம். 'அப்போ எனக்கு என்ன ஆகும்' என்பதை மருத்துவர்தான் சொல்லவேண்டும். அறிக்கை மட்டுமே அதற்குப் போதாது. வயது, இதயம், சர்க்கரை, ஸ்கேன் எல்லாம் சேர்ந்துதான் பதில் வரும்.

பெரியம்மா தாளோடு போனார். நானும் கூடப் போனேன். மருத்துவர் தாளை வாங்கிப் பார்த்துவிட்டு, தன் பேனாவை எடுத்து ஒவ்வொரு கேள்விக்கும் கீழே எழுதத் தொடங்கினார். வேகமாகப் பெருகும் செல்களைத்தான் கீமோ அதிகம் பிடிக்கும் என்று அவர் சொன்னபோது, பெரியம்மா என்னைப் பார்த்து, "குணம் மோசமா இருக்கிறதால மருந்து நல்லாப் பிடிக்கும்ங்கிறாரா?" என்று கேட்டார். நான் மலாயில் சொன்னேன். மருத்துவர் சிரித்துவிட்டு, 'லெபே குராங்' என்றார், ஏறக்குறைய அப்படித்தான். கீமோவுக்குச் சம்மதித்துக் கையெழுத்துப் போட்டது பெரியம்மாவே. அண்ணன் பேனாவை நீட்டத் தேவைப்படவில்லை.

தாள் அதற்குப் பிறகு கை மாறியது. கோயில் நண்பர், அண்ணியின் அக்கா, யாரோ ஒருவரின் மாமியார். அதிகமாகத் தடுக்குவது கடைசிக் கேள்வியில்தான். 'ஈ.ஆர். பாசிட்டிவ், 90 விழுக்காடு' என்று பார்த்துவிட்டு, உடம்பில் தொண்ணூறு விழுக்காடு புற்று என்று அழுதவர் இருக்கிறார். புற்று செல்களில் தொண்ணூறு விழுக்காட்டில் ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனைப் பிடிக்கும் கொக்கி இருக்கிறது என்பது அதன் பொருள். அப்படி இருந்தால் தமோக்சிஃபென் போன்ற மாத்திரைகள் உதவும். இங்கே பாசிட்டிவ் ஒரு வாசலைத் திறக்கிறது. நெறியில் பாசிட்டிவ் என்றால் நோய் அங்கே போயிருக்கிறது. ஓரத்தில் நெகட்டிவ் என்றால் நல்ல செய்தி. ஹார்மோன் சோதனையில் நெகட்டிவ் என்றால் ஒரு மருந்து குறைகிறது. ஒரே பக்கத்தில் ஒரே சொல் நாலு தடவை வருகிறது, ஒவ்வொரு தடவையும் வேறு முகத்தோடு. கொரோனா காலத்தில் நெகட்டிவ் என்றால் தப்பித்தோம் என்று நாமெல்லாம் பழகிவிட்டோம்.

எங்கள் தொழிற்சாலையில் உற்பத்திப் பிரிவில் வேலை செய்யும் ஓர் அக்கா, போன வருடம் கேண்டீனில் என்னைத் தேடி வந்தார். முகத்தில் அவ்வளவு வெளிச்சம். "ஈ.ஆர். நெகட்டிவ், பி.ஆர். நெகட்டிவ், ஹெர்-2 நெகட்டிவ். மூணுமே நெகட்டிவ் பிள்ள. முருகன் காப்பாத்திட்டாரு. வர்ற அப்பாய்ன்மெண்டுக்குப் போக வேணாம்னு இருக்கேன்."

ஒருவரின் சந்தோஷத்தைக் கையில் வைத்துக்கொண்டு நிற்பது எனக்கு அதுதான் முதல் தடவை. அறிக்கை புரிந்தால் பயம் குறையும் என்றுதான் நான் அதுவரை நம்பியிருந்தேன். இவருக்குப் புரிந்தால் பயம் கூடும். பேசாமல் தலையாட்டியிருக்கலாம். ஆனால் அப்பாய்ன்மெண்ட் அடுத்த செவ்வாய்க்கிழமை.

"அக்கா, அந்த நெகட்டிவ் நோய் இல்லைங்கிற நெகட்டிவ் இல்ல. எந்த மருந்து கேட்கும்னு பார்க்கிற மூணு சோதனை அது. அந்த மூணு கொக்கியும் இல்லைன்னு வந்திருக்கு."

வெளிச்சம் போவதைப் பார்த்தேன். தட்டில் மீ கோரேங் ஆறிக்கொண்டிருந்தது.

"அப்ப மருந்தே இல்லையா?"

"இருக்கு. ஹார்மோன் மாத்திரை இதுக்கு வேலை செய்யாது. கீமோ வேலை செய்யும். அதனாலதான் செவ்வாய்க்கிழமை நீங்க கண்டிப்பா போகணும்."

ரொம்ப நேரம் அவர் பேசவில்லை. பிறகு கைப்பையிலிருந்து ஒரு பழைய ரசீதை எடுத்து, அதன் பின்பக்கத்தை என்னிடம் நீட்டினார். "அந்தப் பேர எழுதிக் குடு. தமிழ்ல என்னன்னு வேணாம். டாக்டர் சொல்றத அப்படியே தமிழ் எழுத்துல எழுது. அவரு வாய் திறக்கிறதுக்கு முன்னாடி நானே சொல்லிக் கேக்கணும்."

'ட்ரிப்பிள் நெகட்டிவ்' என்று எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவை வாய்விட்டுப் படித்துப் பார்த்தார். 'ட்ரிப்பிள்' கொஞ்சம் சிக்கியது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. ரசீதை மடித்துக் கைப்பேசி உறைக்குள் வைத்துக்கொண்டு, மணி அடிப்பதற்குள் சாப்பிட்டு முடிக்கவேண்டும் என்று முள்கரண்டியை எடுத்தார்.